இருபத்திரண்டாம் எண்ணின் முழங்கால்

பிளாட் பெண்ட், நெப்ராஸ்கா
19 ஆகஸ்ட் 1979

தம்பி லைலுக்கு,

நீ அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய்க்கு பம்பு ரிப்பேர் பார்க்கப் போய் இது மூன்றாவது வருஷம். ஆகஸ்டில் என் கடிதம் ஒரு நாள் பிந்தினாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். அதனால் நேரத்துக்கே எழுதுகிறேன். உடம்பு, சாப்பாடு எல்லாம் பிறகு. முதலில் நம் கல்லூரி அணி, நம் கொக்குகள்.

ஃபுட்பால் பயிற்சி தொடங்கிவிட்டது. முன்வரிசைப் பையன்கள் ஐந்து பேரும் கோடை முழுக்க நன்றாகத் தின்றிருக்கிறார்கள். போன வருஷத்துக் கால்சட்டை ஒருவனுக்கும் ஏறவில்லை. கனம் இருக்கிறது, வேகம் இல்லை. பந்தை எறிகிறவன் புதுப் பையன். அவன் சட்டையில் முதுகெல்லாம் புல்கறை. முதுகில் கறை என்றால், நின்று எறிய விடாமல் மல்லாக்கத் தள்ளுகிறார்கள் என்று அர்த்தம். ஜிம்முக்குக் கீழே உட்கார்ந்து பதினேழு வருஷமாக இவர்கள் துணியை வெளுக்கிறேன். கோச் ராஸ்மஸனுக்கு மைதானத்தில் தெரிவதைவிட எனக்குச் சலவை மெஷின் வாயில் அதிகம் தெரியும்.

ஆனால் கர்ட்டிஸ் லிண்டால் இருக்கிறான். எண் 22. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் ஓடினால் சட்டையில் கறையே இருப்பதில்லை. பிடித்தால்தானே விழுவான்! இந்த வருஷம் தோளும் அகன்றிருக்கிறது. சாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது, “கிழிச்சிட்டேன் மேடம், திட்டாதீங்க” என்கிறான். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடும் பையன், ஒரு சாக்ஸுக்கு மன்னிப்புக் கேட்கிறான்.

கூடைப்பந்து: உயரக்காரன் படிப்பை முடித்துப் போய்விட்டான். புதிதாக வந்திருப்பவன் உயரம்தான், ஆனால் பந்து கையில் நிற்காது. ஃபுட்பால் முடிந்த கையோடு கர்ட்டிஸ் ஷூவை மாற்றிக்கொண்டு இங்கே வருவான். வந்தால் பாதிக்கு மேல் ஜெயிப்போம். வராவிட்டால் சர்ச் பெண்கள் சேர்ந்துகூட நம்மை அடித்துவிடலாம்.

என் கணிப்பு: ஃபுட்பாலில் ஒன்பது ஆட்டத்துக்கு ஏழு. கடைசி ஆட்டம் நவம்பர் 17, டன்மோர் கல்லூரியோடு, நம் ஊரில். ஆறு வருஷமாக அவர்களிடம் உதை வாங்குகிறோம். இந்த முறை வாங்க மாட்டோம்.

கம்பளி பனியன் அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

அக்கா மார்லிஸ்

*

புரூடோ பே, அலாஸ்கா
3 செப்டம்பர் 1979

அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் போட்டுப் படித்தேன். இங்கே என் எதிர்க் கட்டில்காரன் ஆர்வில் டன்மோர்க்காரன். முள்கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டான், “ஏழா? உங்கக்கா துணி துவைக்கிறாளா, ஜோசியம் பார்க்கிறாளா?”

நான் சொன்னேன், “நவம்பர் பதினேழு அன்னிக்கு நீயே துணியைத் தலையில போட்டுக்கிட்டு உக்காருவ, அப்ப கேளு.”

கூடமே சிரித்தது. ஆனால் அக்கா, இங்கே ரேடியோவில் நம் ஆட்டம் வராது. செய்தித்தாள் வர ஒரு வாரம் ஆகிறது. போன் பேச வரிசையில் நின்றால் பின்னால் இருப்பவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். உன் கடிதம்தான் எனக்கு மைதானம். கர்ட்டிஸைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுது. எத்தனை கஜம் ஓடினான், எந்தப் பக்கம் திரும்பினான், கூட்டம் எப்படிக் கத்தியது, எல்லாம்.

லைல்

*

பிளாட் பெண்ட்
30 செப்டம்பர் 1979

தம்பி,

நான்கு ஆட்டத்தில் மூன்று ஜெயித்தாயிற்று. இதை நீயே பேப்பரில் பார்த்திருப்பாய். மழை இல்லை. சோளம் இந்த வருஷம் முன்னதாகவே அறுப்புக்கு வந்துவிட்டது. கூரையில் இரண்டு தகடு மாற்றினேன்.

எறிகிற பையன் தேறிவிட்டான். முன்வரிசை பரவாயில்லை.

வேறு ஒன்றும் இல்லை.

மார்லிஸ்

*

புரூடோ பே
10 அக்டோபர் 1979

அக்கா,

இதென்ன கடிதமா, தந்தியா?

கூரைத் தகட்டை யார் கேட்டார்கள்? கர்ட்டிஸ் பேரே அதில் இல்லை. பேப்பரில் பார்க்கிறேன், சனிக்கிழமை தவறாமல் ஓடுகிறான், நூறு கஜத்துக்குக் குறையவில்லை. அப்படிப்பட்டவனைப் பற்றி என் அக்கா ஒரு வரி எழுதவில்லை என்றால் என்ன அர்த்தம்? இரண்டு முறை திருப்பிப் படித்தேன். உறையைக்கூடக் கிழித்து உள்ளே பார்த்தேன்.

நீ எதையோ மறைக்கிறாய். சின்ன வயதில் நீ பொய் சொன்னால் வானிலை பேசுவாய், இப்போதும் அதையே செய்கிறாய். அவன் கூடைப்பந்துக்கு வரமாட்டானா? வேறு கல்லூரி அவனை இழுக்கிறதா? டன்மோரா? ஆர்வில் இந்த வாரம் முழுக்க ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே திரிகிறான். “உங்க இருபத்திரண்டு எப்படிப்பா இருக்கான்?” என்று தினமும் காலையில் கேட்கிறான். எனக்குத் தெரியாதது அவனுக்கு எப்படித் தெரிந்தது?

முழுசாக எழுது.

லைல்

*

பிளாட் பெண்ட்
18 அக்டோபர் 1979

லைல்,

அவன் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. ஆர்வில் சிரிப்பது அவன் பல்லின் குணமாக இருக்கும். இந்த ஒரு வருஷம் கர்ட்டிஸைப் பற்றி என்னிடம் கேட்காதே. நான்கு ஜெயித்தோம், இரண்டு தோற்றோம். அது போதும் உனக்கு.

மார்லிஸ்

*

புரூடோ பே
27 அக்டோபர் 1979

மார்லிஸ்,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

சலூன்கடை வால்ட் கடிதம் போட்டிருக்கிறான். போன ஞாயிறு நெடுஞ்சாலை ஓட்டலில் நீ ஒரு பெண்ணோடு மூலை மேஜையில் ஒரு மணி நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாயாம். அவன் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்தினீர்களாம். நீ அவளிடம் ஒரு பழுப்புக் காகிதப் பை கொடுத்தாயாம். வெளியே அவள் வண்டியின் நம்பரைப் பார்த்தானாம். முதல் எண்ணே டன்மோர் மாவட்டத்து எண்.

பையில் என்ன? ராஸ்மஸனின் ஆட்டத் திட்டமா? அவர் சட்டைப் பையில் அதை மறந்து வைப்பார் என்று நீயே ஒரு முறை எழுதியிருக்கிறாய். பதினேழு வருஷம் அவர்கள் உப்பைத் தின்றுவிட்டு, டன்மோர்க்காரிக்கு என்ன கொடுத்தாய்? ஊரில் இதை வால்ட் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டதால் வாயைக் கட்டி வைத்திருக்கிறான்.

நேரான பதில் வேண்டும்.

லைல்

*

பிளாட் பெண்ட்
4 நவம்பர் 1979

லைல்,

பதில் தருகிறேன். படித்துவிட்டு இதைக் கொளுத்திவிடு.

செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து கர்ட்டிஸின் பயிற்சி உடுப்பு அழுக்கில்லாமல் வந்தது. வாரம் முழுக்க மடிப்பு கலையவில்லை. ஆனால் சனிக்கிழமை ஆடுகிறான். பயிற்சியே செய்யாதவன் எப்படி ஆடுகிறான் என்று யோசித்தேன். அப்புறம் அவன் கால்சட்டை என்னிடம் வருவதே நின்றது. அணியின் காயங்களைப் பார்த்துக்கொள்கிற கிப் ஸ்லேட்டர் அதை மட்டும் தானே எடுத்துப் போனார். “உங்களுக்கு ஏன் கூடுதல் வேலை மார்லிஸ்” என்றார். இத்தனை வருஷத்தில் என் வேலையைக் குறைக்க நினைத்த முதல் ஆள். அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை ஜிம் கொதிகலன் அறைக் குப்பையில் பழுப்புப் பை ஒன்று, வாய் கட்டி. பிரித்தேன். முழங்கால் கட்டுத்துணி. ரத்தமும், மஞ்சள் நீரும். கூடவே உடைந்த சின்னச் சின்ன ஊசிமருந்துக் குப்பிகள்.

அவன் சாக்ஸ் வாங்க வந்தபோது கதவைச் சாத்தினேன்.

“எத்தனை தடவைப்பா குத்தினாங்க?”

“என்ன மேடம் குத்தினது?”

“என்கிட்ட நடிக்காத. உன் துணிய நான் துவைக்கிறேன்.”

துணிக்கூடை மேல் உட்கார்ந்துவிட்டான். “ஒவ்வொரு சனிக்கிழமையும். நீர் கோத்துக்குது, உறிஞ்சி எடுத்துட்டு மரத்துப்போற ஊசி போடுவாரு. ஆட்டம் முடியிற வரைக்கும் கால் இருக்கறதே தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். டன்மோர் ஆட்டம் முடியட்டும். அப்புறம் கூடைப்பந்துதானே.”

“கூடைப்பந்துக்கு வேற காலா வச்சிருக்க?”

சிரித்தான். எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். இருபது வயசு.

நாலு வாரம் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், லைல். உன்னிடம் கூரைத் தகடு எழுதிய நாட்கள் அவைதான். ஏன் தெரியுமா? எனக்கும் டன்மோரை ஜெயிக்கணும். சனிக்கிழமை அவன் ஓடும்போது நானும் எழுந்து நின்று கத்தினேன். வீட்டுக்கு வந்து அதை நினைத்துக் கூசினேன்.

ஓட்டலில் என்னோடு இருந்தது அவன் அம்மா, நார்மா லிண்டால். டன்மோரில் தானிய எடைமேடையில் வேலை, அதனால் அந்த மாவட்டத்து வண்டி. பையில் இருந்தது அந்தக் கட்டுத்துணி. ஒமாஹாவில் எலும்பு டாக்டரிடம் காட்டினாள். படம் எடுக்க வேண்டும், அதுவரை ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டார். வியாழன் 15ஆம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். முந்தின நாள் வந்து மகனைக் கையோடு அழைத்துப் போவாள். முன்னாடியே தெரிந்தால் அவனை ஒளித்து வைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். அவள் வரும் விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். நார்மா, நான், இப்போது நீ.

திட்டணும் என்றால் திட்டு. வாயை மட்டும் திறக்காதே.

அக்கா

*

புரூடோ பே
19 நவம்பர் 1979

அன்புள்ள அக்கா,

ஜெயித்துவிட்டோம்! பதினேழு, பதினான்கு! ஞாயிற்றுக்கிழமை போனில் பிடித்துக் கேட்டேன். ஆர்வில் சாப்பிடவே வரவில்லை.

கர்ட்டிஸ் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். சாதாரணப் பிசகாகத்தான் இருக்கும், இளம் உடம்பு. கடைசியில் ஆடுவதென்று அவனே முடிவு செய்தது போலிருக்கிறது. நீ எழுதியதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். உன்மேல் வீணாகப் பழி போட்டதற்கு வருத்தம்.

கூடைப்பந்து எப்படி? அவன் எப்போது திரும்புவான்? நேரம் கிடைக்கும்போது எழுது.

லைல்

*

பிளாட் பெண்ட்
27 நவம்பர் 1979

லைல்,

பேப்பரில் வராததை நான் எழுதுகிறேன்.

புதன்கிழமை மதியம் நார்மா விடுதிக்கு வந்தாள். கட்டில் காலி. அன்று காலைதான் ராஸ்மஸன் அணி முழுவதையும் நாற்பது மைல் தள்ளி ஒரு சர்ச் முகாமுக்குக் கூட்டிப் போயிருந்தார். ‘கவனம் சிதறக் கூடாதாம்.’ இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகாம் நடந்ததே இல்லை. நார்மா அங்கேயும் போனாள். வாசலிலேயே நிறுத்தினார்கள். கர்ட்டிஸ் இரும்புக் கதவுக்கு உள்ளே நின்று, “அம்மா, ஒரே ஒரு ஆட்டம். நானா முடிவு பண்ணிட்டேன்” என்றான். பக்கத்தில் ராஸ்மஸன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “உங்க பையன் சின்னப் பிள்ளை இல்லீங்க” என்றார்.

சனிக்கிழமை நானும் நார்மாவும் வடக்குப் பக்கப் பலகையில் சேர்ந்து உட்கார்ந்தோம். அவள் ஆட்டம் முழுக்கத் தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கால்பகுதி, பத்துக்குப் பதினான்கு என்று பின்தங்கியிருந்தோம். பந்து 22க்கு வந்தது. இடது பக்கம் திரும்பினான், இரண்டு பேரைப் பின்னால் விட்டான், முன்னால் வெட்டவெளி. அவனைச் சுற்றிப் பத்தடிக்கு யாரும் இல்லை, லைல். யாரும் அவனைத் தொடவில்லை. கோட்டுக்கு ஓரடி இருக்கும்போது கால் தானாக உள்பக்கம் மடங்கியது. விழுந்தான். விழுந்தது கோட்டுக்கு அந்தப் பக்கம், புள்ளி நமக்கு.

ஊர் முழுக்க எழுந்து நின்று கத்தியது. அவன் தரையைக் கையால் அடிக்கிறான், சந்தோஷத்தில் அடிக்கிறான் என்று நினைத்து இன்னும் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் நார்மா கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன்.

முழங்காலில் பிடிமானம் எதுவும் மிச்சமில்லையாம். இரண்டு முறை அறுத்திருக்கிறார்கள். நடப்பான். ஓட மாட்டான்.

திங்கட்கிழமை ராஸ்மஸன் அவன் சட்டையைக் கொண்டுவந்தார். “நல்லா வெளுத்துக் கொடுங்க மார்லிஸ், கண்ணாடி போட்டு ஜிம்ல மாட்டணும்.” நான் வெளுக்கவில்லை. அப்படியே மடித்து நார்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமையோடு என் வேலை போயிற்று.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கவே இல்லையே! கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொன்னாய்? தெரிந்தவர்கள் மூன்று பேர். நார்மா சொல்லவில்லை, நான் சொல்லவில்லை.

நேரான பதில் வேண்டும்.

மார்லிஸ்

*

புரூடோ பே
8 டிசம்பர் 1979

அக்கா,

நான்தான்.

நீ கொளுத்தச் சொன்ன கடிதம் நவம்பர் 9ஆம் தேதி வந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் போன் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். ஏழு பேர் பேசி முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது, திரும்பிப் போயிருக்கலாம். ஆர்வில் அந்த வழியாகப் போனான். “என்னப்பா, இருபத்திரண்டுக்கு இரங்கல் சொல்லவா?” என்றான். அவன்மேல் பழியைப் போடவில்லை. அப்போது என் மனசில் இருந்ததைச் சொல்கிறேன்: ஆறு வருஷம், இன்னும் ஒரே ஒரு ஆட்டம், அதுக்கப்புறம் அந்த டாக்டர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

வால்ட்டைக் கூப்பிட்டேன். “புதன்கிழமை அவங்கம்மா வர்றா, ராஸ்மஸன்கிட்ட சொல்லி வை” என்றேன். அவ்வளவுதான் பேசினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜெயித்த செய்தி வந்தபோது மேஜைமேல் ஏறி ஆடினேன், அக்கா. நீ எழுதிய அந்தச் சத்தத்தில் என் சத்தமும் இருந்தது, மூவாயிரம் மைல் தள்ளி.

உன் வேலையும் என்னால்தான் போயிற்று. ஜனவரியில் மூன்று வாரம் விடுப்பு. வீட்டுக்கு வரலாமா?

லைல்

*

பிளாட் பெண்ட்
17 டிசம்பர் 1979

லைல்,

மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

வரலாம். ஆனால் முதலில் என் வீட்டுக்கு இல்லை. டன்மோருக்கு வடக்கே, இரண்டாவது மண்சாலைத் திருப்பத்தில், பச்சைத் தகரக் கொட்டகை உள்ள வீடு. அங்கே போய் நீயே சொல். நான் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. நீ போகிறாயா என்று பார்க்கத்தான் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உன்னை நம்புகிற இடத்தில் நான் இப்போது இல்லை.

மார்லிஸ்

*

டன்மோர், நெப்ராஸ்கா
13 ஜனவரி 1980

அக்கா,

டன்மோர் விடுதி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் வீடு ஐம்பது மைல்தான். ஆனால் இதை வாயால் சொல்ல வராது. வழியில் தபாலில் போட்டுவிட்டு, இது உன் கைக்கு வந்த பிறகு வருகிறேன்.

கதவைத் திறந்தது நார்மா. பேரைச் சொன்னதும், “மார்லிஸ் தம்பியா, உள்ள வாங்க, வெளிய குளிர்” என்று காப்பி ஊற்றினார். அந்தக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் வாங்கினார். தொட்டியில் ஊற்றிக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தார். பிறகு கேட்டார்.

“என் மகன நீங்க எப்பவாவது பக்கத்துல பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப வாங்க, பாருங்க.”

கர்ட்டிஸ் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மெலிந்த பையன், அக்கா. பேப்பர் படத்தில் பெரிதாகத் தெரிவான். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

“நீங்க சொல்லலைன்னாலும் நான் ஆடியிருப்பேங்க,” என்றான்.

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் யோசிக்கிறேன். இனி எப்போதும் தெரியப்போவதில்லை.

பிறகு அவன் கேட்டதை எழுதுகிறேன். “கூடைப்பந்துல பதினொன்னுக்கு மூணுதான் ஜெயிச்சிருக்காங்க. நீங்க எல்லாத்தையும் கணக்குப் போடறவருன்னு மேடம் சொல்வாங்க. என்ன நினைக்கிறீங்க, தேறுவாங்களா?”

நாற்பத்தோரு வயசு எனக்கு. பத்து வயசிலிருந்து யார் கேட்டாலும் இதற்குப் பதில் வைத்திருந்தவன். அவனே சொன்னான்: புது உயரக்காரன் பந்தை வாங்கும்போது முழங்கையை விரிக்கிறானாம், அதைத் திருத்தினால் பிப்ரவரியில் நான்கு ஆட்டம் ஜெயிக்கலாமாம். அவனுக்குக் கடிதம் எழுதி விளக்கியிருக்கிறானாம். கையால் காட்டினான். உட்கார்ந்தபடியே அந்தக் கை எவ்வளவு வேகமாகப் போகிறது தெரியுமா?

கிளம்பும்போது வழியனுப்ப எழுந்தான். வேண்டாம் என்றேன். “பழகணும்ல,” என்றான். நார்மா கதவோரம் நின்றார், கை கொடுக்கப் போகவில்லை. எனக்கும் கண்ணாலேயே வேண்டாம் என்றார். வாசலில் நான்கு படி. ஊன்றுகோலை முதலில் வைத்தான், பிறகு நல்ல காலை, பிறகு அந்தக் காலை. நின்றான். மறுபடி ஊன்றுகோல். அவன் நான்காவது படியை இறங்கி முடிக்கும்வரை நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பனியில் நின்றேன். அவன் ஆட்டத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை, அக்கா. இதைத்தான் பார்த்தேன்.

லைல்